37-ஆவது நிமிடத்தில் நின்றுவிடும் கடிகாரம் (நடுவில் கால்பந்தும் வரும், பொறுத்துக்கொள்ளவும்)

மஞ்சள்நீலம்:

வணக்கம். பல மாதமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன், இன்றுதான் எழுதுகிறேன். வயது 66. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மறுத்தது, பேரன் ஒருநாள் கைப்பேசியில் யாரோ கைக்கடிகாரம் பூட்டுவதைக் காட்டினான், அன்று பிடித்த பைத்தியம். இதுவரை இரண்டு பூட்டியிருக்கிறேன். முதலாவதில் வினாடி முள்ளை வளைத்து, டயலைக் கீறி, கடைசியில் கண்ணாடிக்குள் என் தலைமுடி ஒன்றையும் வைத்து மூடினேன். இருப்பதே கொஞ்சம், அதில் ஒன்று போனது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இரண்டாவதுதான் சிக்கல். என்.எச்.35 மூவ்மென்ட் (கடிகாரத்தை ஓட்டும் உள் இயந்திரம்), 28.5 மில்லிமீட்டர் நீல டயல், பெயரோ சின்னமோ எதுவும் அச்சிடாதது. ஓடுகிறது, நேரமும் பரவாயில்லை. ஆனால் திடீரென்று நின்றுவிடுகிறது, நிற்பது எப்போதும் ஏதாவது ஒரு மணி 37 நிமிடத்தில். முதல் தடவை 7.37. மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றின்மேல் ஒன்று வருகிற நேரம் என்பதால் இரண்டும் இடிக்கின்றன என்று நினைத்து மணி முள்ளை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டேன். அப்புறம் 11.37. நேற்று ராத்திரி 2.37. லேசாகத் தட்டினால் மறுபடி ஓடுகிறது.

சிரிப்பு என்னவென்றால் 37 எனக்குச் சாதாரண எண் கிடையாது. நான் விம்பிள்டன் ரசிகன். 1988 மே 14, இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி, எதிரில் அந்த ஆண்டின் லீக் சாம்பியன் லிவர்பூல். 37-ஆவது நிமிடத்தில் டெனிஸ் வைஸ் தூக்கிப் போட்ட ஃப்ரீ கிக், லாரி சான்செஸ் தலையால் ஒரு தட்டு, 1-0. ஆட்டமே அவ்வளவுதான். கடிகாரத்துக்கு இது எப்படித் தெரிந்தது என்றுதான் புரியவில்லை.

என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

சாமணம்:

ஐயா, நல்வரவு. நீங்கள் குறித்து வைத்திருக்கும் மூன்று நேரமும் பெரிய உதவி, பலர் "எப்போதாவது நிற்கிறது" என்று மட்டும் எழுதுவார்கள்.

முட்கள் ஒன்றையொன்று இடிப்பதாக இருந்தால் அவை சந்திக்கும் நேரத்தில்தான் நிற்கும். 7.38, 8.43, 9.49 இப்படி. 11.37-இல் மணி முள் 12-க்குச் சற்று முன்னால் இருக்கிறது, நிமிட முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த மணியானாலும் 37 என்றால் நிமிட முள் போய் எதிலோ இடிக்கிறது. டயலில், ஓரத்து வளையத்தில், இல்லையென்றால் கண்ணாடியில். மூவ்மென்ட் மேல் சந்தேகப்படவே வேண்டாம்.

மூன்று கேள்வி. நிற்கும்போது வினாடி முள்ளும் நிற்கிறதா? நிமிட முள் சரியாக 37-இல் நிற்கிறதா, அதற்குச் சற்று முன்பா? பக்கவாட்டில் வெளிச்சம் வைத்துப் பார்த்தால் முள்ளின் முனை நேராக இருக்கிறதா?

ஆன்ஃபீல்ட்தாசன்:

கடிகாரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தலைப்பைப் பார்த்து வந்தேன். வந்த இடத்தில் பழைய புண்ணைக் கிளறிவிட்டீர்கள்.

அந்த 37-க்குக் கொஞ்ச நேரம் முன்னால் எங்கள் பியர்ட்ஸ்லி உங்கள் கோல் கீப்பர் பீசன்ட் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார், நினைவிருக்கிறதா? நடுவர் அதற்குள் விசில் ஊதிவிட்டார். எதற்கு? பியர்ட்ஸ்லியைத் தள்ளியதற்கு! தள்ளப்பட்டவனே சமாளித்து எழுந்து கோல் அடித்திருக்கிறான், அவனுக்கு ஃப்ரீ கிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று கோலைப் பறித்துக்கொண்டார்கள். இரண்டு நொடி பொறுத்திருந்தால் உங்கள் கடிகாரம் இன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்.

மஞ்சள்நீலம்:

வாருங்கள் ஆன்ஃபீல்ட்தாசன். லிவர்பூல் ஆள் ஒருவர் வந்து இதைச் சொல்வார் என்று தெரியும், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பியர்ட்ஸ்லி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் பாதியில் உங்களுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார்களே, எங்கள் குட்இயர் தொட்டது பந்தைத்தான், உங்கள் ஆல்ட்ரிட்ஜ் காலை இல்லை. அதை யாரும் பேச மாட்டீர்கள். கடவுள் புண்ணியத்தில் பீசன்ட் இடப் பக்கம் பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் அதற்கு முன் எந்த கோல் கீப்பரும் பெனால்டியைத் தடுத்ததில்லை. அவரே கேப்டன், கோப்பையையும் அவரே வாங்கினார். நண்பன் வீட்டு வீடியோ கேசட்டில், முடிவு தெரிந்தே பார்த்தேன், தெரிந்தும் அந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அன்று வயது 28.

சாமணம் அவர்களே: வினாடி முள்ளும் நிற்கிறது. நிமிட முள் 36-ஐத் தாண்டி 37-ஐத் தொடப்போகும் இடத்தில் நிற்கிறது. முனை நேராக இருக்கிறதா என்று பார்க்க என் லென்ஸில் முடியவில்லை. 10 மடங்கு லூப் (கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி) வாங்கினேன், அதை வைத்தால் கடிகாரத்தை மூக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாமணம்:

10 மடங்கு லூப் இரண்டரை சென்டிமீட்டரில்தான் தெளியும். அந்த இடைவெளியில் சாமணமும் திருப்புளியும் நுழையாது, மூச்சுக் காற்றும் டயலில் படியும். அதைச் சோதித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு 4 மடங்கு போதும், ஆறு சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். நம் வயதில் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இதுதான், கண் மங்கியது என்று ஆகப் பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கிவிடுவோம்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். 37 உங்களுக்குச் சாதாரண எண் இல்லை என்றீர்கள். கடிகாரம் சரியாக அங்கேதான் நிற்கிறது. டயலில் அந்த இடத்தில் நீங்கள் ஏதாவது செய்தீர்களா?

மஞ்சள்நீலம்:

ஐயோ.

செய்தேன். ஒரு புள்ளி. மஞ்சள் எனாமல் பெயிண்ட், தையல் ஊசியின் முனையில் எடுத்து வைத்தது. 37 நிமிடம் என்றால் 222 பாகை என்று கணக்குப் போட்டு, காகிதத்தில் வரைந்து, டயலுக்கு அடியில் வைத்துக் குறி எடுத்து, ஓரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இடம் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போனது. அவ்வளவு பாடுபட்டு வைத்ததை இந்தச் சிக்கலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை பாருங்கள்.

டிக்டிக்:

😂 இந்த வருடத்தின் சிறந்த இழை இதுதான்.

பத்தாம்நம்பர்:

ஐயா, சிரித்தாலும் மரியாதையோடுதான் சிரிக்கிறேன். ஒரு சந்தேகம். விம்பிள்டன் என்றால் எனக்கு டென்னிஸ்தான் தெரியும். இந்த அணி இப்போது எங்கே ஆடுகிறது? பிரீமியர் லீகில் பார்த்ததே இல்லையே. நான் மெஸ்ஸிக்காகக் கால்பந்து பார்க்க ஆரம்பித்தவன், அவர் 2021-இல் பார்சிலோனாவை விட்டுப் போனதும் நானும் பாரிஸுக்குப் போனேன், 2023-இல் இன்டர் மயாமிக்குப் போனார், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அதையும் பார்க்கிறேன். அதனால் அணிப் பற்று என்பது எனக்குக் கொஞ்சம் புரியாத விஷயம்.

மஞ்சள்நீலம்:

தம்பி, நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி, பதில் பெரிது.

1977-இல்தான் விம்பிள்டன் ஃபுட்பால் லீகுக்கே வந்தது. ஒன்பதே வருடத்தில் முதல் டிவிஷன், அடுத்த இரண்டாவது வருடம் கோப்பை. நீளமாகப் பந்தை அடித்துவிட்டு ஓடுவார்கள், முரட்டு ஆட்டம், பார்க்க அழகு ஒன்றும் இருக்காது, வின்னி ஜோன்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது பிடித்துப்போனது, அழகாக ஆடுகிறவர்களை நேசிக்க உலகமே இருக்கிறது. 1991-இல் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியே வந்து கிரிஸ்டல் பேலஸ் அணியின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் குடித்தனம். 2000 மே 14-இல் பிரீமியர் லீகிலிருந்து இறக்கம். தேதியைக் கவனியுங்கள், கோப்பை வென்று 12 வருடம், நாள் மாறாமல்.

2002 மே மாதம் மூன்று பேர் குழு ஒன்று உட்கார்ந்து, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அணியை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகலாம் என்று அனுமதி கொடுத்தது. தெற்கு லண்டனிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போங்கள் என்று சொல்லிவிட்டுப் புதிதாக ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று ஓர் அணி தொடங்கினார்கள். விம்பிள்டன் பொது வெளியில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆட்களைத் தேர்வு செய்தார்கள். ஜூலையில் முதல் ஆட்டம், சட்டன் யுனைட்டெடிடம் 4-0 தோல்வி. ஒன்பதாம் படிநிலை லீகில் ஆரம்பித்தார்கள். லீகில் தொடர்ந்து 78 ஆட்டம் தோற்காமல் ஒரு ஓட்டம் ஓடி, 2011-இல் லூட்டனை பெனால்டியில் ஜெயித்து ஃபுட்பால் லீகுக்குள் வந்தார்கள். ஒன்பதே வருடம், பழைய அணிக்கு ஆனது போலவே. 2020 நவம்பரில் ப்ளவ் லேனுக்கே திரும்பினார்கள், பழைய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் புது மைதானம். 2025 மே மாதம் வெம்பிளியில் வால்சாலை 1-0 ஜெயித்து மூன்றாம் நிலைக்கு ஏறினார்கள்.

அதனால் பிரீமியர் லீகில் தேடாதீர்கள்.

ஓரபெஞ்சு:

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்துக் கதை. சட்டப்படி 1988-இல் கோப்பை வென்ற கிளப் எது? லீகில் இடம், வீரர்களின் ஒப்பந்தம், கம்பெனி எல்லாம் 2003-இல் மில்டன் கீன்ஸுக்குப் போய்விட்டன, 2004-இல் பெயரை எம்.கே. டான்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். ஏ.எஃப்.சி. 2002-இல் பிறந்த புது கிளப். அதே பெயர், அதே நிறம் போட்டுக்கொண்டால் அதே அணி ஆகிவிடுமா? அப்படியானால் யார் வேண்டுமானாலும் நாளைக்கே ஒரு "விம்பிள்டன்" தொடங்கலாமே. ரசிகர்களின் சோகம் புரிகிறது, சோகம் ஆவணம் ஆகாது.

ஆன்ஃபீல்ட்தாசன்:

ஓரபெஞ்சு, 1988-இல் என்னை அழவைத்தவர்களுக்காக நான் வக்காலத்து வாங்க வேண்டிய நிலைமை பாருங்கள். 2007-இல் மில்டன் கீன்ஸ் கிளப்பே அந்தக் கோப்பையின் நகலையும் பழைய வரலாற்றுச் சின்னங்களையும் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் பகுதி நிர்வாகத்திடம் ஒப்படைத்து, பழைய வரலாற்றை உரிமை கொண்டாடவில்லை என்று சொல்லிவிட்டது. வைத்திருந்தவர்களே எங்களுடையது இல்லை என்று கொடுத்த பிறகு நீங்கள் எந்த ஆவணத்தைத் தேடுகிறீர்கள்?

சாமணம்:

பழைய கடிகாரம் வாங்குகிறவர்களுக்கு இது பழக்கமான தகராறு. பெட்டியும் உத்தரவாத அட்டையும் ஒருவரிடம் இருக்கும், கடிகாரம் இன்னொருவர் கையில் இருக்கும். இருவருமே "என்னிடம்தான் இருக்கிறது" என்பார்கள்.

சரி, முள்ளுக்கு வருவோம். பேச்சு திசை மாறிப் போகிறது.

ஓரபெஞ்சு:

பெட்டி உதாரணம் அழகு, ஆனால் பொருந்தாது. 2002-இல் ஏ.எஃப்.சி.யில் கடிகாரமும் இல்லை! ஒரு வீரன் இல்லை, மைதானம் இல்லை, லீகில் இடம் இல்லை. கிங்ஸ்டனில் கிங்ஸ்மெடோ மைதானத்தில் ஆடினார்கள், அது விம்பிள்டனே இல்லை. அவர்களிடம் இருந்தது என்ன?

மஞ்சள்நீலம்:

பார்க்க வந்த ஆட்கள் இருந்தார்கள். அதைவிட வேறு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் தோன்றுகிறது, ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது, இதில் நான் யோக்கியன் போலப் பேசவும் முடியாது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

2003-04 சீசன் முழுக்க நான் பின்தொடர்ந்தது மில்டன் கீன்ஸ் முடிவுகளைத்தான். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு முடிவுப் பட்டியலில் ஒரு பெயர் மட்டும்தான் தெரியும், அந்த வருடம் அந்தப் பெயர் இன்னும் "விம்பிள்டன்" என்றுதான் இருந்தது. இடம் மாறியது தெரியும், ரசிகர்கள் தனி அணி தொடங்கியதும் செய்தியாகப் படித்திருந்தேன், ஆனாலும் விரல் பழக்கத்தில் அந்தப் பெயருக்குத்தான் போகும். டிவிஷனில் கடைசி இடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் தோல்வியைப் பார்த்து நொந்துகொண்டிருந்தேன். அதே சீசனில் உண்மையான ஆட்கள் எங்கோ கீழே ஒரு லீகில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு ஸ்கோர்கூடத் தெரியாது. 2004-இல் பெயரை மாற்றியபோதுதான், பட்டியலில் தேடிக் கிடைக்காதபோதுதான், இத்தனை நாள் யாருடைய தோல்விக்கு வருத்தப்பட்டோம் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

ஆகவே பத்தாம்நம்பர் தம்பி, நீங்கள் ஆள் பின்னாலேயே போகிறேன் என்றீர்களே, அதில் குறை ஒன்றும் இல்லை. நான் ஒரு வருடம் வெறும் எழுத்து பின்னால் போனவன். உங்களுக்காவது அங்கே மெஸ்ஸி இருக்கிறார்.

பத்தாம்நம்பர்:

இதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை ஐயா. ஒன்று மட்டும் கேட்கிறேன், அதனால்தான் டயலில் பெயர் எதுவும் வேண்டாம் என்று வாங்கினீர்களா?

மஞ்சள்நீலம்:

அப்படி யோசித்தெல்லாம் செய்யவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் பெயர் அச்சடித்த டயலைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டு வெறும் டயலைப் போட்டேன் என்பது உண்மை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் "சுத்தமாக இருக்கிறது" என்றுதான் சொல்லியிருப்பேன்.

டிக்டிக்:

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும்போது நான் கல் எறிகிறேன், மன்னிக்கவும். கடிகாரம் "செய்தேன்" என்று இங்கே எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஜப்பானில் வடிவமைத்த மூவ்மென்ட், யாரோ கடைந்த கேஸ், யாரோ அச்சடித்த டயல், நான்கு பாகத்தைச் சேர்த்து மூடினால் அது செய்வதா? பிள்ளைகள் கட்டை அடுக்குவது மாதிரி. மூவ்மென்டைக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டு மறுபடி ஓட வையுங்கள், அதற்குப் பெயர் வேலை. ஐயாவைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

சாமணம்:

டிக்டிக், நீங்கள் சொல்வதில் பாதி சரி. "பூட்டுதல்" என்றுதான் ஐயாவும் எழுதியிருக்கிறார், "செய்தேன்" என்று எழுதவில்லை, திரும்பப் படியுங்கள்.

மற்ற பாதிக்கு: என்.எச்.35-இல் முள் உட்காரும் துளைகள் மணி முள்ளுக்கு 1.5 மில்லிமீட்டர், நிமிட முள்ளுக்கு 0.9, வினாடி முள்ளுக்கு 0.2. அந்த 0.2-ஐ நடுங்கும் கையோடு ஊசி மாதிரியான தண்டில் செங்குத்தாக உட்கார வைத்துப் பாருங்கள். இடையில் மூன்று முள்ளும் ஒன்றையொன்று தொடாமல், டயலையும் தொடாமல், கண்ணாடியையும் தொடாமல் இணையாக ஓட வேண்டும். நான் மூவ்மென்டைப் பிரித்து எண்ணெய் போடுகிறவன்தான், ஆனால் இன்றும் முள் மாட்டும்போதுதான் எனக்கு வியர்க்கும். கழற்றுவதில் தப்பு செய்தால் பாகம் மாற்றலாம், முள் மாட்டுவதில் தப்பு செய்தால் எதிரிலேயே தெரியும், ஆயுள் முழுக்க.

டிக்டிக்:

0.2 பற்றிச் சொன்னது நியாயம். என் முதல் கடிகாரத்தில் வினாடி முள் இன்றுவரை 12-இல் நிற்காமல் அரை நொடி தள்ளித்தான் நிற்கிறது. பேச எனக்குத் தகுதி இல்லை போல.

சாமணம்:

ஐயா, இப்போது வேலை. நிதானமாகப் படித்துவிட்டுச் செய்யுங்கள், இன்றே முடிக்க வேண்டியதில்லை.

என் கணிப்பு இதுதான். எனாமல் பெயிண்ட் காயும்போது தட்டையாக உட்காராது, மேலே குமிழாக நிற்கும். அது மட்டும் இருந்தால் முள் மேலே தாண்டிப் போயிருக்கும். நீங்கள் முள்ளை அழுத்தி மாட்டியபோது நிமிட முள்ளின் முனை கீழே கொஞ்சம் சாய்ந்திருக்கும். 37-ஐத் தொடுவதற்கு முன்பே நிற்கிறது என்றீர்கள் இல்லையா, முள்ளின் முன்விளிம்பு குமிழில் முட்டுகிறது, சக்கரங்களுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போகும் பலம் இல்லை. கையில் ஓர் அசைவு பட்டால் தாண்டிவிடுகிறது, மேசையில் கிடந்தால் நிற்கிறது. ராத்திரி நின்றதும் அதனால்தான்.

கேஸைத் (வெளிக்கூட்டை) திறந்து ஸ்டெம்மை (சாவித் திருகின் தண்டை) எடுத்து மூவ்மென்டை வெளியே எடுங்கள். டயலை மூடுகிற மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாளை நடுவில் வெட்டி முட்களுக்கு அடியில் நுழைத்துவிட்டு, அதன்மேல் நெம்புகோல்களை வைத்து முட்களை எடுங்கள், ஒரு பக்கமாக நெம்பாமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். நிமிட முள்ளைக் கண்ணாடித் துண்டின்மேல் படுக்க வைத்தால் எங்கே சாய்ந்திருக்கிறது என்று நிழலே காட்டும். மரக்குச்சியால் நீவி நேராக்குங்கள், சாமணத்தால் வளைத்தால் பெயிண்ட் உரியும்.

புள்ளியைக் கரைக்க எந்தத் திரவமும் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பற்றி யோசித்தால் இப்போதே மறந்துவிடுங்கள், டயலில் நீலம் போய்விடும். பல் குத்தும் குச்சியை உளி மாதிரி சீவி, குமிழின் தலையை மட்டும் படுக்கை வாட்டில் சுரண்டுங்கள். தூளை ரோடிகோ பசை உருண்டையால் ஒத்தி எடுங்கள், ஊதாதீர்கள்.

மறுபடி மாட்டும்போது கிரவுனை (பக்கத்திலுள்ள சாவித் திருகை) இழுத்துத் திருப்பி, தேதி மாறுகிற இடத்தில் நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12-இல் வையுங்கள். மணிக்கட்டு இரண்டையும் மேசை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்ட பிறகு அழுத்துங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டால் கை இன்னும் நடுங்கும். அப்புறம் கண்ணாடியை மூடுவதற்கு முன்னால் 12 மணி நேரத்தையும் கையால் சுற்றி, பக்கவாட்டில் பாருங்கள், முட்கள் சந்திக்கும் 11 இடத்திலும் நிறுத்திப் பாருங்கள். முதலில் ஏற்கெனவே அழுத்திவிட்ட மணி முள் டயலை உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புள்ளி முழுக்கப் போனாலும் பரவாயில்லை என்றால் வேலை இன்னும் சுலபம்.

மஞ்சள்நீலம்:

புள்ளி போகக்கூடாது.

மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடி. 4 மடங்கு லூப் வரட்டும்.

ஓரபெஞ்சு:

ஐயா, நான் வாதத்துக்காகப் பேசுகிறவன், கோபம் இல்லையே? ஒன்று ஒத்துக்கொள்கிறேன். 2012 டிசம்பரில் எஃப்.ஏ. கோப்பையில் இரண்டு கிளப்பும் முதல் தடவை மோதியதைப் பார்த்தேன். மில்டன் கீன்ஸ் 2-1 ஜெயித்தது, கடைசி நேரத்தில் குதிகாலால் ஒரு கோல். அன்று தோற்ற பக்கத்துக் கூட்டம் பாடிய பாட்டு நிற்கவே இல்லை, ஜெயித்த பக்கம் ஜெயித்ததற்கு மன்னிப்புக் கேட்பது போல உட்கார்ந்திருந்ததாக எனக்குப் பட்டது. அப்படித் தோன்றியதற்கு என்னிடம் ஆவணம் கிடையாது.

மஞ்சள்நீலம்:

கோபமா? இந்த விஷயத்தை என்னிடம் இவ்வளவு நேரம் பேசிய முதல் ஆள் நீங்கள். வீட்டில் ஆரம்பித்தால் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

மஞ்சள்நீலம்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். லூப் வர தாமதம், அப்புறம் எனக்கே தைரியம் வர தாமதம்.

சாமணம் சொன்னது வரிக்கு வரி சரி. நிமிட முள்ளைக் கண்ணாடித் துண்டில் வைத்ததும் முனை கீழே நோக்கி வளைந்திருப்பது தெரிந்தது, நான் அழுத்திய அழுத்தம் அப்படி. குச்சியால் நீவினேன். புள்ளியின் தலையைச் சுரண்டினேன், வட்டமாக இருந்தது இப்போது ஒரு பக்கம் கொஞ்சம் சப்பையாக இருக்கிறது, லூப் இல்லாமல் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். மணி முள்ளும் டயலை உரசுகிற நிலையில்தான் இருந்தது, அதையும் ஒரு மயிரிழை தூக்கி மாட்டினேன். வினாடி முள் மூன்றாவது முயற்சியில் உட்கார்ந்தது, இரண்டாவது முயற்சியில் சாமணத்திலிருந்து பறந்து போனதைக் கண்டுபிடிக்க 40 நிமிடம், சட்டைப் பையில் இருந்தது.

இப்போது நான்கு நாளாக நிற்கவில்லை. கைப்பேசிச் செயலியில் பார்த்தால் ஒரு நாளைக்கு 11 நொடி வேகம். இந்த மூவ்மென்டுக்கு 20 நொடி மெதுவிலிருந்து 40 நொடி வேகம் வரை தொழிற்சாலைக் கணக்கிலேயே உண்டு என்பதால் அதைத் தொடப்போவதில்லை.

நேற்று சாயங்காலம் லூப்பைக் கண்ணில் மாட்டிக்கொண்டு 6.36-இலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முள் அசைவதே தெரியாது, ஆனால் புள்ளிக்கும் அதற்கும் நடுவில் இருந்த நீலம் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் மஞ்சள் பாதி மறைந்தது, முழுக்க மறைந்தது, அந்தப் பக்கமாக மறுபடி வெளியே வந்தது. நிற்கவில்லை.

ஆன்ஃபீல்ட்தாசன்:

நின்றிருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது, உண்மைதானே?

மஞ்சள்நீலம்:

ஆமாம்.

பத்தாம்நம்பர்:

படம் போடுங்கள் ஐயா! இத்தனை நாள் படமே இல்லாமல் ஓட்டிவிட்டீர்கள்.

மஞ்சள்நீலம்:

பேரன் சனிக்கிழமை வருவான், அவன்தான் படம் எடுத்து ஏற்ற வேண்டும்.

ஆன்ஃபீல்ட்தாசன், அடுத்ததற்குச் சிவப்பு டயல் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பூட்டி முடித்தால் அது உங்களுக்குத்தான், 88-க்கு நஷ்டஈடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிமிடத்தில் புள்ளி வைக்கட்டும்?

ஆன்ஃபீல்ட்தாசன்:

யோசிக்கவே வேண்டாம். 2005, இஸ்தான்புல், மிலானுக்கு எதிராக 0-3 பின்தங்கிய பிறகு. 54, 56, 60. மூன்று புள்ளி.

சாமணம்:

60 என்றால் 12 மணிக் குறியின் மேலேயே வரும், அது ஏற்கெனவே மேடாக இருக்கும். பெயிண்டை மெல்லிசாக வையுங்கள் ஐயா, முட்களை மாட்டுவதற்கு முன்பே இங்கே ஒரு படம் போட்டுவிடுங்கள்.